காணாமல் போன ஒரே பொருள்

சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, பொறியாளர் உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எட்டடி உயரச் சுவர். நடுவில் நாலடி அகலத்துக்கு வாசல் வெட்டினால், மேலே தாங்க ஒன்றும் இல்லாமல் சரிந்துவிடும் என்றார். முப்பதடி நீளத்துக்கு இடித்து மறுபடி கட்ட வேண்டும். அதற்குப் புதுத் திட்டம், புது ஒப்புதல் என்று எப்படியும் அடுத்த வருஷம் ஆகிவிடுமாம். நகர மன்றம் வாசலுக்குக் கொடுத்த அனுமதியோ இன்றோடு முடிகிறது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் மிகவும் வருத்தமாகத் தலையாட்டினேன்.

கவுன்சிலரம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

ஜெயித்து வந்த முதல் மாதமே, எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு விளக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் இரண்டு என்று மன்றத்தில் எழுந்து கேட்டவர் அவர். கேட்டதோடு விடவில்லை. அங்கே பத்து விளக்கு வந்தது. அப்புறம் குழாய் வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது. மூன்றாவது வருஷம் சுவரிடம் வந்து நின்றார்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது. எங்கள் வீடுகளில் சமைப்பவர், கார் ஓட்டுபவர், இஸ்திரி போடுபவர் எல்லாருமே அங்கிருந்துதான் வருகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். நடை உடம்புக்கு நல்லதுதானே என்று நானே கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் இருப்பதால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சுவரேறிக் குதிக்கும். போன மாதம் எங்கள் சமையல்காரம்மாவின் மகள் குதித்துக் கையை முறித்துக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த வாரமே சுவர் உச்சியில் கண்ணாடிச் சில் பதிக்க ஏற்பாடு செய்தேன்.

என் சுவர் அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போதும் நான்தான் செயலாளர், நாற்காலி போட்டு, குடை பிடித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டவைத்த சுவர். சாமான் களவு போய்விடுமென்று ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டால் என் கையாலேயே எண் போட்டு வைத்திருந்தேன். மதியம் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் அரைமணி நேரம் தவிர அங்கிருந்து அசையவில்லை.

அப்படியும் ஒரே ஒரு பொருள் காணாமல் போனது. பூச்சு வேலை முடிந்த அன்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எல்லார் முன்னாலும் கொத்தனாரைத் திருடன் என்று சொல்லி விரட்டினேன். இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அந்த ஆளை வேலைக்குக் கூப்பிடாதபடியும் பார்த்துக்கொண்டேன்.

கவுன்சிலரம்மா காவலாளி அறையின் மூலையில் போய் நின்றார். அங்கிருந்து சுவரை ஒட்டி, அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"இடிக்க வேணாம் தம்பி. இங்க பூச்ச மட்டும் சுரண்டுங்க," என்று வேலையாளிடம் தன் தலைக்கு ஒரு முழம் மேலே கைகாட்டினார்.

புதையல் எடுக்கப் போகிறார்கள் போல என்று பக்கத்தில் நின்ற பொருளாளரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

பூச்சு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு காங்கிரீட் கட்டை, சுவருக்குள் படுத்திருந்தது.

பொறியாளர் கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். வாசலுக்கு மேலே பாரம் தாங்க வைக்கும் கட்டை என்றார். அதற்குக் கீழேயும் சுரண்டச் சொன்னார். கீழே இருந்த செங்கல்கள் பக்கத்துச் செங்கல்களோடு பின்னாமல் தனியாக நின்றன. கட்டும்போதே வாசல் அளவுக்குச் செங்கலைப் பின்னாமல் தனியாக அடுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாக உருவினால் போதும், சுவர் அசையாது என்றார். மதியத்துக்குள் முடிந்துவிடுமாம்.

நான் அதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. கட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பெயின்டில் எண் இரண்டு. என் கையெழுத்து.

காவலாளி அறையின் கதவுக்கும் ஜன்னலுக்குமாக வாங்கிய இரண்டு கட்டைகளில் ஒன்று.

"அது உங்க காம்பவுண்ட விட்டு எங்கயும் போகல சார்," என்றார் கவுன்சிலரம்மா, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. "கெடச்சது அரைமணி நேரம். அப்பா ஒரு முனையப் புடிச்சாரு. இன்னொரு முனைய நான் புடிச்சேன்."

கலவைச் சட்டியோடு நின்ற ஒரு பெண்ணை நினைவுபடுத்திப் பார்த்தேன். முகம் வரவில்லை. அன்றைக்கு நான் முகத்தைப் பார்த்திருந்தால்தானே.

கட்டை எங்கே இருக்கிறது என்று அந்த மனிதர் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி நீங்கியிருக்கும். வாசல் போயிருக்கும். இருபத்திரண்டு வருஷம் அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலையாள் மேலிருந்து செங்கல்களை உருவத் தொடங்கினார். நாலு வரிசை போனதும் அந்தப் பக்கம் தெரிந்தது. பைகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். கட்டுப்போட்ட கையோடு எங்கள் சமையல்காரம்மாவின் மகள் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

அவர்களுக்கு நடுவே ஒரு பெரியவர் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்து, வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் குடையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"சாப்பிட்டாச்சா சார்?"