எத்தனை பிள்ளைகள்?

“மறுபடியும் கிண்ணத்தை உடைச்சுட்டா டாக்டர். விருந்தாளிங்க முன்னாடி!”

ஜிபர்குல் தன் நாத்தனார் பெர்மெத்தைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கிர்கிஸ் மலை ஊரான நாரினிலிருந்து விடியற்காலை வேனில் வந்திருந்தார்கள். பதிமூன்று வயது பெர்மெத் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன நடந்துச்சு?” டாக்டர் ரகாத் கேட்டார்.

“ஒண்ணுமே நடக்கல. உனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. ரெண்டு பையன்னு சொன்னேன். அதுக்குள்ள கிண்ணம் டீயோட சுவத்துல!”

“ஆறின டீதான். யார் மேலயும் படல. அதையும் சொல்லுங்க, அண்ணி.”

‘அண்ணி’ என்ற சொல்லைப் பெர்மெத் கடித்துத் துப்பினாள்.

“பாத்தீங்களா வாயை! கடைக்குட்டின்னு செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டு என் மாமியார் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப நான் படறேன். பள்ளிக்கூடத்துலயும் அனுப்பாதீங்கன்னுட்டாங்க. இது பைபோலார்தான். மாத்திரை எழுதுங்க.”

“எப்போ ஆரம்பிச்சது?”

“மாமியாரோட நாப்பதாம் நாள் விருந்துல. ரெண்டு வருஷமாச்சு.”

“அன்னைக்கு என்ன?”

“சொந்தக்காரங்க ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசினாங்க. அதை விடுங்க.”

“சில நாள் தூக்கமே இல்லாம, களைப்பும் இல்லாம, ஒரே குஷியாத் துள்ளுவாளா? அப்புறம் சுருண்டு படுத்துடுவாளா?”

“குஷியா? இவ சிரிச்சே நான் பாக்கல. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. காலைல எழுந்தா திரும்பக் கோபம். ஒருநாள் விட்டதில்ல.”

“அப்போ இது பைபோலார் இல்ல. அது ஏறும், இறங்கும். நடுவுல பிள்ளை பழையபடி இருக்கும். இவளுக்குத் தினமும் ஒரே கோபம். வேற காரணம் தேடணும்.”

ஜிபர்குல் எழுந்துவிட்டாள்.

“தேடிக்கிட்டே இருங்க! அன்னைக்கும் ஒரு டாக்டர் இப்படித்தான், ‘வயசுக் கோபம், சரியாப் போயிடும்’னாரு. ஆறே மாசத்துல என் தம்பியைப் புதைச்சோம். இவளையும் புதைக்கச் சொல்றீங்களா? எங்க ரத்தத்துலயே இருக்கு இது!”

டாக்டரின் பேனா நின்றது.

“உங்க கூடப் பிறந்த தம்பியா?”

“ஆமா.”

“இவ உங்க வீட்டுக்காரரோட தங்கச்சின்னுதானே சொன்னீங்க? உங்க ரத்தம் இவளுக்கு எப்படி வரும்?”

ஜிபர்குல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “நம்ம ஊர் வழக்கப்படி தலைச்சன் பிள்ளையை மாமியாருக்கே பிள்ளையா வளக்கக் கொடுத்துட்டீங்களா?”

ஜிபர்குல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பெரியவங்களுக்குக் கொடுத்த பிள்ளையை என்னுதுன்னு சொல்லக்கூடாது டாக்டர். செத்தவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

பெர்மெத் முதல்முறையாகச் சன்னலிலிருந்து திரும்பினாள்.

“டாக்டர், அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு இப்பக் கேளுங்க.”