உள்ளே ஓடும் இன்னொன்று

போன் சிணுங்கியதும் வீட்டம்மாவின் முகம் மலர்ந்தது. “பையன்தான். கப்பல்ல வேலை. எந்தக் கடல்ல இருந்தாலும் எனக்கு ரெண்டு வரி போட்டுடுவான்.”

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்திருந்த பெண் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் எம்பிராய்டரி மெஷின். அதற்கு டிசைன் போடும் மென்பொருள் அரதப்பழசு. புது கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் உள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை, விர்ச்சுவல் மெஷினாக, ஓட்டி வேலை செய்துகொண்டிருந்தாள் வீட்டம்மா.

“ஒரு பூவை இந்தப் பக்கம் நகர்த்தினா, அது வந்து சேர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடுது. ஆனா ஒண்ணும்மா, ஓடுற எதையும் நிறுத்தாம சரி பண்ணு” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

மெமரி போதுமானதாக இருந்தது. டிஸ்க்கிலும் இடம் இருந்தது. பிறகு எது இழுக்கிறது? தேடியபோது, திரையில் தலைகாட்டாமல் இன்னொரு விர்ச்சுவல் மெஷின் ஓடுவது தெரிந்தது. பிராசஸரில் முக்கால்வாசியை அதுவே தின்றுகொண்டிருந்தது.

திறந்தாள். கறுப்புத் திரை. யாரும் தொடாமலேயே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

‘அம்மா, முதுகுவலி தேவலையா?’

சமையலறையில் போன் சிணுங்கியது. “பாரேன், மறுபடியும் போட்டிருக்கான்!”

மவுஸை மூடும் குறிக்கு நகர்த்தினாள்.

“அதை மூடிடாதம்மா.”

வெளியே போயிருந்த வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றிருந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போன வருஷம் கப்பல் மூழ்கிடுச்சு. உடம்புகூடக் கிடைக்கலை. தகவல் வந்தப்ப இவளுக்கு இதயத்துல ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரில இருந்தா. எப்படிச் சொல்றது? அவன் அனுப்பின பழைய மெசேஜையெல்லாம் கொடுத்து, அவனை மாதிரியே எழுத இதைப் பழக்கினேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு...”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். அந்த இரண்டாவது மெஷினின் முன்னுரிமையைக் குறைத்து, தையல் டிசைனுக்கு வழிவிடச் செய்தாள். பூ இப்போது சொன்ன இடத்துக்குச் சட்டென்று நகர்ந்தது. இனி மகனின் செய்தி கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

டீயைக் குடித்தேன் என்று பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினாள். வழியனுப்ப வந்த வீட்டம்மா, தெருக்கதவைப் பின்னால் மெல்லச் சாத்தினாள்.

“அந்த இன்னொண்ணு ஓடுதுல்ல?”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஆன்ட்டி... உங்களுக்கு...”

“ஆஸ்பத்திரி டிவியிலயே கப்பல் பேரைச் சொன்னாங்கம்மா.”

கையில் போன் ஒளிர்ந்தது. வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘வலி தேவலைடா கண்ணா’ என்று அடித்து அனுப்பினாள்.

“நான் பதில் போட்டாத்தான்மா அவர் சாப்பிடறார்.”