விமானத்தை நிறுத்தியவன்

"'மே பதிமூணு, புதன்கிழமை'... சே, தப்பு. நேத்து செவ்வாய்லா. அத அப்புறம் திருத்திக்கிறேன். மிச்சத்தக் கேளுடா!"

பூட்டியிருந்த இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, புகார்க் கடிதத்தை உரக்கப் படித்தார் பழனியப்பன். ஜெலாப்பாங் பகுதியின் அந்த வரிசை வீடுகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும் என்றுதான் அவரும் குரலை உயர்த்தினார்.

"'திமோத்தி என்பவர் சொந்தப் பகையை மனத்தில் வைத்து, என் மகள் ஷாமினி பயணம் செய்த விமானத்தை வேண்டுமென்றே நிறுத்தினார்.' எப்படி? நாளைக்கு இது ஒன் பெரிய அதிகாரி மேசையில இருக்கும். ஒன் வேல போச்சுடா!"

திமோத்தி கதவுக்கு உள்ளே நின்றான். வேலைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. விமான நிலையத்தில் ஓடுபாதைப் பக்கம் சுற்றிவந்து கண்காணிக்கும் மஞ்சள் காரை ஓட்டுபவன் அவன்.

"உள்ள வந்து பேசுங்க அங்கிள்."

"ஒன் வீட்டு வாசல மிதிக்கவா வந்தேன்? எம் பொண்ணுக்கு சிங்கப்பூருல இண்டர்வியூ. எத்தன எடத்துல எழுதிப் போட்டுக் கெடச்சது தெரியுமா? எம் பொஞ்சாதி நவமணி விடியறதுக்கு முந்தி எழுந்து வறுத்த நெத்திலி சம்பலக்கூட கார்லயே விட்டுட்டு ஓடுனா புள்ள. அவ்வளவு அவசரம். பிளேன் கெளம்பி ரன்வேக்குப் போயிக்கிட்டு இருக்கு. நீ ரேடியோவ எடுத்து 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்துனியாம்லா? பிளேன் திரும்பி வந்து ஃபிளைட்டே கேன்சல். புள்ள நேத்துலேர்ந்து ரூம விட்டு வெளிய வரல."

"குறுக்க ஒரு வண்டி வந்துருச்சு அங்கிள். நான் கத்தலன்னா..."

"வண்டியாம், வண்டி! போன வருஷம் ஒங்கம்மா பழத் தட்டோட பொண்ணு கேட்டு வந்தாங்க. கோயிலும் சர்ச்சும் ஒத்து வராதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அந்த ஆத்திரத்த பிளேன்ல காட்டியிருக்க!"

சமையற்கட்டிலிருந்து திமோத்தியின் அம்மா எல்ஸி விறுவிறுவென்று வந்தாள்.

"அண்ணே, வாய அளந்து பேசுங்க. பொண்ணு குடுக்கலன்னா கைய காட்டி நிறுத்துறதுக்கு அது என்ன தாப்பா போற பஸ்ஸா?"

"நீ உள்ள போம்மா," என்று கையை வீசினார் பழனியப்பன்.

"ஏன் போகணும்? எம் மகன் வேலைய எடுப்பேன்னு என் வீட்டு வாசல்லயே நின்னு சொல்றீங்க. பிளேன் போட்ட பிரேக்குல, நின்னுகிட்டிருந்த பணிப்பெண் விழுந்து கை ஒடஞ்சு கெடக்கு. அப்படி நிறுத்தியும் வண்டிய ஒரசுற மாதிரிதான் நின்னுச்சாம். எம் மகன் கத்தலன்னா நீங்க இன்னிக்குப் புகாரா எழுதிக்கிட்டு இருப்பீங்க? கருமாதிப் பத்திரிகை எழுதிக்கிட்டு இருப்பீங்க!"

"அம்மா, போதும்!" என்றான் திமோத்தி.

பழனியப்பன் சட்டைப் பையில் பேனாவைத் தேடி எடுத்தார். கோபம் போகவில்லை, ஆள்தான் மாறியது.

"சரி, வண்டி வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். ஓட்டுனவன் யாரு? பேரச் சொல்லு."

"விசாரணை முடியாம சொல்லக்கூடாது அங்கிள்."

"ஏன் சொல்லக்கூடாது? தரையில கோடு போட்டிருக்குலா? கோட்டுல நின்னு, டவர்ல கேட்டுட்டுத்தான் தாண்டணும்னு எனக்கே தெரியும். எம் மச்சான் தனேஸ்வரன் அங்கதான புல்லு வெட்டுற லோரி ஓட்டுறான்? இத்தன வருஷத்துல அவன் மேல ஒரு பேச்சு உண்டா? நேத்துலேர்ந்து போன்கூட எடுக்கல. வேலன்னா வேலதான் அவனுக்கு. அவன் ஆம்பள!"

திமோத்தி தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் பழனியப்பனுக்கு இன்னும் ஏறியது.

"என்னடா தலையக் குனியிற? எவனும் சும்மா குறுக்க வர மாட்டான். யாரோ அனுப்பித்தான் வந்திருக்கான். அது நீயாகூட இருக்கலாம். இரு, அதையும் எழுதுறேன்."

காகிதத்தை மதில் மீது வைத்து, அழுத்தி அழுத்தி எழுதினார். எழுதியதைத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். "'வண்டியை ஓட்டியவனையும் அவனை ஏவிவிட்டவனையும் சேர்த்துச் சிறையில் தள்ள வேண்டும்.' போதுமா?" கீழே கையெழுத்தையும் போட்டார்.

திமோத்தி கைபேசியில் எதையோ தேடி, கதவுக் கம்பிகளுக்கு இடையே நீட்டினான்.

"இத நான் காட்டக்கூடாது அங்கிள். ஆனா நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க."

படத்தில், தார் மீது ஒரு பிஸ்கட் டின் நசுங்கிக் கிடந்தது. சக்கரம் ஏறிய தடம். சுற்றிலும் சிவப்பாகச் சம்பல் சிதறியிருந்தது. மூடியில் ஒட்டிய தாளில், நவமணியின் கையெழுத்தில், 'ஷாமினி'.

"பிளேன் இன்னும் கெளம்பலன்னு நெனச்சு தனேஸ்வரன் அண்ணன் கோட்டத் தாண்டிட்டாரு. 'எப்படியாச்சும் புள்ள கையில சேத்துரு மச்சான்'னு டின்ன வேலிக்கு மேல தூக்கிக் குடுத்தாங்கன்னு மட்டும் சொன்னாரு, குடுத்தது யாருன்னு இன்னும் அவரு வாயத் திறக்கல. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு விசாரணை. அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு வந்துருங்க அங்கிள்."