ஒன்றிலிருந்து நாற்பது வரை

அலுவலகத்தில் சுவக்கின் எழுதிய கணினி நிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குலுக்கிப் போட்டதுபோல் ஓர் எழுமாற்று எண் எடுக்க ஐந்து விவரம் கேட்கும். கடைசி எண் அதில் சேருமா என்று கேட்டால், எழுதிய அவனே தலையைச் சொறிவான்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே புதிதாக எழுதினேன். தொடக்கம், முடிவு, இரண்டே விவரம், இரண்டும் சேரும். சுவக்கினுக்குக்கூட விளங்கும். ஒன்று, நாற்பது என்று கொடுத்துப் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நாற்பதைத் தாண்டவில்லை.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் நாற்பது குடும்பங்களுக்கு நாற்பது புது வீடுகள். யாருக்கு எந்த வீடு என்ற குலுக்கலுக்குக் கண்டியிலிருந்து மடிகணினியோடு போனேன். முதலில் வந்த இரத்தினம்மா பொத்தானை அழுத்தினாள். திரையில் 41 வந்தது.

“இருக்கறதே நாப்பது வீடுதாம்மா. திரும்ப அமத்துங்க.”

“வேணாங்க, அதே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு போன வருசமே அங்க போயிட்டாரு.”

சாவிகூட வாங்காமல் நடந்தாள். எண்ணத் தெரியாத சனம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற முப்பத்தொன்பது குடும்பங்களுக்கும் சாவி கொடுத்தேன். ஒரு சாவி மிஞ்சியது.

மாலையில் பஸ்ஸிலிருந்து திரும்பிப் பார்த்து எண்ணினேன். நாற்பது கூரைகளில் அடுப்புப் புகை எழுந்தது. என்னிடம் சாவி இருந்த வீடு மட்டும் அந்த நாற்பதில் சேராமல் பூட்டிக் கிடந்தது; அதோடு சேர்த்தால் நாற்பத்தொரு வீடு.