பதினேழாவது ஸ்லைடு

பழுப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நுண்ணோக்கியின் மேல் குனிந்தாள். பழுப்புதான். வெளிறிய நீலத்துக்கு நடுவே, புண்ணின் விளிம்பு நெடுக, அடர்த்தியாக.

இந்த நிறத்துக்காக ஏழு மாதம் காத்திருந்தாள்.

சதையைத் தின்னும் நொதி ஒன்று உண்டு. ஆறாத புண்களில் அதுதான் மண்டிக்கிடக்கிறது என்று காட்டுவது அவளுடைய ஆய்வு. அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, சுண்டுவிரல் நுனி அளவு குப்பியில், ஃபிரிட்ஜில் இருந்தது. ஒட்டிய இடம் பழுப்பாகும்.

பதினாறு பேரின் புண்களில் அது ஒட்டவில்லை. கரைசலை மாற்றினாள். சூடாக்கும் நேரத்தை மாற்றினாள். எல்லாம் வெளுத்தே வந்தன.

பதினேழாவது, சவரிமுத்துவின் இடது கால்.

சவரிமுத்து இதே ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறவர். சர்க்கரை நோய். கட்டைவிரலில் செருப்புக் கடித்த காயம் பாதிப் பாதம் வரை ஏறிவிட்டது. கட்டு மாற்றும்போது ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது அவளுக்காகத்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அவள் அழுத நாள்களில், ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனவர்.

பாதத்தை வெட்டி எடுப்பதற்குத் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எப்படிக் கழுவுவது என்று ஒருமுறை கேட்டார்.

பேராசிரியர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம். கட்டுரைல இதான் முதல் படம்" என்றார். "திங்கட்கிழமைக்கு முன்னாடி அதே புண்ல இன்னொரு துண்டு வாங்கிடு."

அவர் போனதும் வாசலில் சவரிமுத்து. கட்டுப் போட்ட காலை ஊன்றாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம், நம்மளது எப்படி வந்திருக்கு?"

"ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, டெஸ்ட்டு ரொம்ப நல்லா வந்திருக்காம். மேடமே சொல்லிட்டாவ. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டாம். அழாத. நாந்தான் சொல்லுதேன்லா, அழாத."

இல்லைண்ணே என்று ஆரம்பிக்க வேண்டும். நல்லா வந்தது எனக்கு என்று சொல்ல வேண்டும். உங்கள் காலில் அது நிறைய இருக்கிறது, இருக்கிறவரை தின்னும் என்று.

அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

முடித்தார். முண்டாசுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"அண்ணே" என்றாள்.

செருமிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு துண்டு வேணும்ண்ணே."

"நல்லா இருக்க காலுதான மேடம். எடுத்துக்கிடுங்க."

இழுப்பறையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"எங்க போடணும்?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள்.