சுவரைத் தாண்டிய குரல்

"ஃபுமி! நான் குளிச்சாச்சு, கிளம்பலாமா?" அந்தப் பக்கத்திலிருந்து சோகிச்சி கத்தினார்.

"இருங்க, தலை துவட்டணும்!"

கல்யாணமான புதிதில், ஒசாகா தெருமுனைப் பொதுக் குளியலறையில், ஆண் பெண் பகுதிகளுக்கு நடுவே நின்ற சுவரை இதே குரல்கள்தான் தாண்டும். சில நாள் சோப்பும் பறந்து வரும்.

"எப்பவும் நீதான் லேட்டு. வாசல் குளிர்ல விறைக்கறது நான்!"

"விறைச்சா ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டீங்க."

ஆனால் இப்போது ஃபுமியின் தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நுரையீரலில் ஆறாத தொற்று. வெந்நீர் ஆவியில் வரும் கிருமி ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சோகிச்சி குளிக்கும்போது வீட்டுக் குளியலறைக்கு வெளியேதான் அவள் நிற்பாள்.

"வரட்டுமா?"

"முதல்ல ஜன்னலைத் திறங்க, ஆவி போகட்டும்," என்றாள், கதவிடுக்கில் செருகிய துண்டைக் காலால் அழுத்தியபடி. "இப்ப காத்திருக்கறது என் முறை."