வாய்விட்டுச் சொல்லணும்

"எல்லா ஃபைலும் ஏறிடுச்சுன்னு பச்சை டிக் காட்டினா போதாதும்மா, வாய்விட்டுச் சொல்லணும்!"

வக்கீல் போனில் பிடித்த பிடிவாதத்தால், வழக்கு ஆவணங்களை நீதிமன்றத்துக்கு ஏற்றும் இணையப் பக்கத்தை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டாள், மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் அவள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற அந்த மனிதரை இன்று நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அவர் அலுவலகத்துக்குப் போனாள்.

அவர் கீபோர்டைத் தட்டினார். "பன்னிரண்டு ஃபைல்களும் ஏறிவிட்டன" என்றது கணினி.

"சார், ஸ்க்ரீனே ஆன் பண்ணலையே?"

"எனக்கெதுக்கும்மா ஸ்க்ரீன்? பிறவியிலேயே பார்வை இல்ல. இத்தனை நாளா யாரையாவது கெஞ்சித்தான் ஏத்தினேன். இன்னிக்கு நானே ஏத்திட்டேன்!"

வீடு திரும்பியதும் அம்மா வழக்கம்போல், "ஆபீஸ்ல அப்படி என்னதான்டி பண்றே?" என்றாள்.

"இன்னிக்கு ஒரு வக்கீல் யார் தயவும் இல்லாம வழக்குப் போட்டாரும்மா, நான் எழுதின பக்கத்துல!" என்றாள், தலை நிமிர்ந்து.